ரசமட்டத்தின் ஆடாத கை

எங்கள் மரப்பட்டறைக்கு அடுத்த கடை கண்ணாடிக் கடை. நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அங்கே கண்ணாடியில் கோடு இழுக்கும் கீச்சொலி இங்கே கேட்கும். இங்கே நாங்கள் அடிக்கும் ஆணி அங்கே கேட்கும். தொழிலிலும் ஒட்டுறவு உண்டு. மரச்சட்டம் எங்களுடையது, அதற்குள் நிற்கும் கண்ணாடி அவர்களுடையது.

அந்தக் கடைக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரசமட்டம் என்றால்தான் தெரியும். தரை சரிகிறதா, சுவர் சாய்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் வைக்கும் குமிழிக் கருவிக்கு அந்தப் பெயர். இவருக்கு அந்தக் கருவி தேவைப்படாது. கண்ணாலேயே சொல்லிவிடுவார். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் காலண்டர் கோணலாகத் தொங்கினால் அதை நேராக்கிவிட்டுத்தான் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பார். "என் மூக்கு ஒரு பக்கமா சாயுதுன்னு இத்தனை வருஷத்துல அவர் வாயைத் திறந்ததே இல்ல. பார்க்காம இல்ல, பயம்" என்பார் அவர் மனைவி. அந்த அம்மாவுக்கு எதிர்வரிசையில் ஜெராக்ஸ் கடை.

மனைவியின் தம்பிதான் ரசமட்டத்தின் கூட்டாளி. இருவரும் சேர்ந்து தூக்காத பெரிய கண்ணாடி எங்கள் வட்டாரத்தில் குறைவு. ஆளுயரக் கண்ணாடியை நிமிர்த்திப் பிடித்துத் தூக்கும்போது முன்னால் போகிறவர் பாதையைப் பார்க்க வேண்டும். பின்னால் வருகிறவர் கண்ணாடியையே பார்க்க வேண்டும். குரல் கொடுப்பது பின்னால் இருப்பவரின் வேலை. மச்சினன் முன்னால், ரசமட்டம் பின்னால். "நில்", "இடது", "இறக்கு", "விடு" என்ற நாலைந்து சொல் போதும். அதில் மரியாதைக்கு இடமில்லை. மற்ற நேரம் முழுக்க "மாமா, மாமா" என்று குழையும் மச்சினன்கூட, அவசரத்தில் "விடு!" என்றுதான் கத்துவான். "விடுங்க மாமான்னு முடிக்கறதுக்குள்ள மாமா இருக்க மாட்டார்" என்பான்.

"விடு" என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய சொல். கண்ணாடியில் விரிசல் ஓடினால் அதைக் காப்பாற்றப் பார்க்கக் கூடாது. இருவரும் ஒரே நொடியில் கையை எடுத்துப் பின்னால் குதிக்க வேண்டும். ஒருவர் விட்டு மற்றவர் பிடித்துக்கொண்டிருந்தால் உடைந்த மேல்பாதி பிடித்திருப்பவர் பக்கம்தான் சரியும்.

பெரிய கண்ணாடி தூக்கும் நாளில் அவர்கள் கடையில் ஒரு வழக்கம். இரண்டு விரல் அகலத்தில், ஒரு சாண் நீளத்தில், விளிம்பு தேய்த்த தடித்த கண்ணாடித் துண்டு ஒன்று ஆணியில் தொங்கும். அதை எடுத்து உள்ளங்கையில் நிறுத்த வேண்டும். நின்றால் நீங்கள் தூக்கலாம். ஆடினால் அன்றைக்கு வெட்டுமேசை வேலைதான். கோபமாக வந்தாலும், தூக்கமில்லாமல் வந்தாலும், காய்ச்சலை மறைத்து வந்தாலும் அந்தத் துண்டு காட்டிக் கொடுத்துவிடும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கண்ணாடி கீறலில்லாமல் சட்டத்துக்குள் உட்கார்ந்துவிட்டால், அன்று மாலை கடையின் உள்பக்கம் ஆளுக்கு ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் ரம். அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. ரசமட்டம் ஊற்றினால் இரண்டு டம்ளரிலும் மட்டம் இம்மி பிசகாது. "குடிக்கறவன் பாட்டிலைப் பார்ப்பான், மாமா டம்ளரோட விளிம்பைப் பார்ப்பார்" என்று மச்சினன் சிரிப்பான். அதனால்தான் யாராவது "குடிப்பீங்களா?" என்று கேட்டால் ரசமட்டம் யோசிக்காமல் "இல்லை" என்பார். அது பொய் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அவருக்கு அக்கி வந்தது. வலது பக்க விலாவில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, காய்ந்து, உதிர்ந்தும் போனது. வலி மட்டும் போகவில்லை. சட்டைத் துணி பட்டாலே தீயில் வாட்டுவது போல எரியும். திடீரென்று யாரோ ஊசியால் குத்தியது போல உடம்பு வெட்டும். கண்ணாடித் துண்டு உள்ளங்கையில் நிற்க மறுத்தது. ரசமட்டம் வெட்டுமேசைக்குப் போனார். மச்சினன் வெளியாளை வைத்துச் சின்னச் சின்னக் கண்ணாடிகளைப் போட்டு வந்தான். தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டதெல்லாம் ரசமட்டத்தின் புலம்பல்தான்.

"என்னய்யா அவன் தூக்கறான், கண்ணாடியா குழந்தையா? தோள்ல சாய்ச்சுக்கிட்டுப் போறான்!"

டாக்டர் நரம்பு வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். வழக்கமான பதில்தான் கிடைத்தது. மருந்துக்கடை அம்மா மாத்திரையைக் கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கையும் சொன்னார். அந்தக் கடையின் கண்ணாடி அலமாரியெல்லாம் ரசமட்டம் போட்டது.

"அண்ணே, இதைச் சாப்பிடற வரைக்கும் தண்ணி போடக்கூடாது."

"நான் அந்த மாதிரி ஆளு இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, அலமாரிக் கதவு ஒன்று சரியாக மூடாததை அழுத்திச் சரிசெய்துவிட்டு வந்தார்.

மாத்திரை வேலை செய்தது. முதலில் கொஞ்சம் தலை கிறுகிறுத்தாலும் எரிச்சல் தணிந்தது, உடம்பு வெட்டுவது குறைந்தது. ஒருநாள் காலை துண்டு உள்ளங்கையில் நின்றது. பழையபடி இல்லை, நுனி லேசாக நடுங்கியது. ஆனாலும் நின்றது. அன்று ஒரு செருப்புக்கடைக்கு முகப்புக் கண்ணாடி போட்டார்கள். மாலையில் டம்ளர் நிறைந்தது. குடித்து முடித்துச் சற்று நேரம் கழித்து ரசமட்டம் விளையாட்டாகத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். துளி நடுக்கம் இல்லை. நட்டு வைத்த கம்பம் போல நின்றது.

"மாப்ளே, இங்க பாரு!"

மச்சினன் பார்த்தான். "மாமா, பசை கிசை தடவி இருக்கீங்களா?"

கண்ணாடிக்காரர் அல்லாத வேறு யாருக்கும் வராத முடிவு ஒன்று அவருக்கு வந்தது. மாத்திரை பாதி வேலை செய்கிறது, மீதியை இந்த ஒரு டம்ளர் செய்கிறது. இதற்கு அந்தத் துண்டே சாட்சி. பொய் சொல்லாத துண்டு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அதன் பிறகு கண்ணாடி போடாத நாளிலும் மாலையில் ஒரு டம்ளர் வந்தது. வீட்டில் அவர் மனைவி ஒரு மாற்றத்தைக் கவனித்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தால் மனிதர் நாற்காலியிலேயே தூங்கிப் போயிருப்பார். வேலைக் களைப்பு என்று முதலில் விட்டுவிட்டார். ஒருநாள் தோளைத் தொட்டு எழுப்பினார், எழவில்லை. உலுக்கினார், எழவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டபோது மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது எப்போது வரும் என்று காத்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. அந்த அம்மா தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, முடியாமல் விட்டார். அதற்குப் பிறகுதான் ரசமட்டத்தின் அடுத்த மூச்சு வந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்து, உரக்கக் கத்தி எழுப்பினார்.

ரசமட்டம் கண்ணைத் திறந்து, "கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டார்.

"எனக்கு உயிரே போக இருந்துச்சு. என்னங்க தூக்கம் இது? நாளைக்கே டாக்டர்கிட்ட போகலாம்."

"நல்லாத் தூங்கினா அதுக்கும் டாக்டரா? இத்தனை நாள் வலியில தூங்காத தூக்கம்டி."

நாளைக்கு என்றது அடுத்த வாரத்துக்குப் போனது. அதற்குள் சலூன் வேலை வந்தது.

எங்கள் தெருமுனையில் இருக்கும் சலூனுக்கு முகப்பு முழுவதும் ஒரே கண்ணாடி. சட்டம் நான் செய்தது. பகலில் ஆட்கள் முடி வெட்டிக்கொண்டிருப்பார்கள், அதனால் சாயங்காலம் கொஞ்சம் சீக்கிரம் கடையை மூடிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று பேச்சு. வழக்கமாக வேலை முடிந்த பிறகு வரும் டம்ளர் அன்று வேலைக்கு முன்னால் வந்தது. மச்சினனுக்குத் தெரியாமல், தான் மட்டும், மருந்து குடிப்பது போல. ரசமட்டத்தின் மனசில் அது மருந்துதான். துண்டை உள்ளங்கையில் நிறுத்தினார். நின்றது. மச்சினனும் பார்த்துத் தலையாட்டினான். கிளம்பினார்கள்.

நான் சலூன் வாசலில் சட்டத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அதனால் பார்த்ததைச் சொல்கிறேன். தெருவைக் கடந்தார்கள். படி ஏறினார்கள். "இடது" என்ற குரல் சற்று இழுத்து வந்தது போல எனக்குத் தோன்றியது. கண்ணாடியின் முன்பக்கக் கீழ்முனை ஷட்டர் ஓடும் இரும்புத் தடத்தில் இடித்தது. 'டிக்' என்று சின்ன ஓசை. முனையிலிருந்து ஒரு கோடு புறப்பட்டு மேலே, பின்பக்கமாக ஓடியது. ரசமட்டத்தின் கண் எதிரேதான் ஓடியது. மச்சினன் அந்த ஓசையைக் கேட்டுவிட்டு, பின்னாலிருந்து வரவேண்டிய சொல்லுக்காக ஒரு கணம் காத்தான். வரவில்லை. அவனே "விடு!" என்று கத்திவிட்டு எகிறினான்.

ரசமட்டம் விடவில்லை. பிடித்தபடி நின்றார். கை துளிகூட ஆடவில்லை. கண்ணாடியின் மேல்பாதி அவர் பக்கம் சரிந்து, தோளை ஒட்டி இறங்கி, முழங்கையில் மாட்டியிருந்த தோல் உறையைக் கிழித்து, கையைக் கீறி, அவர் காலருகே தூள் தூளானது. அரையடி உள்ளே விழுந்திருந்தால் கழுத்து.

தையல் போட்டுக் கூட்டி வந்தார்கள். கடைக்குள் அக்காவும் தம்பியும் அவருமாக உட்கார்ந்தார்கள். நான் தேநீர் வாங்கிக்கொண்டு போனேன். யாரும் குடிக்கவில்லை.

"கோடு ஓடறதைப் பார்த்தேன்" என்றார் ரசமட்டம். "நல்லாவே பார்த்தேன். பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"இனிமே உங்களோட நான் தூக்க மாட்டேன் மாமா" என்றான் மச்சினன். கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"டேய், கை ஆடலையேடா! கிளம்பும்போது நீயே பார்த்தியே!"

"கை ஆடல. ஆனா நீங்க அங்க இல்ல."

ரசமட்டம் இனி என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டார். கடை இருக்கும், வெட்டுமேசை இருக்கும், சோறும் இருக்கும். கண்ணாடியின் பின்முனை இருக்காது. இருபது வயதிலிருந்து அவர் நின்ற இடம் அதுதான். முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்காமல் போவது பின்னால் இவர் இருக்கிறார் என்கிற நம்பிக்கையில். அந்த முதுகு இப்போது திரும்பி உட்கார்ந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

தினமும் டம்ளர் எடுத்ததும், அன்று வேலைக்கு முன்பே குடித்ததும் அப்போதுதான் வெளியே வந்தது. அவர் மனைவி எழுந்து, "செருப்பைப் போடுங்க" என்றார். நேராக மருந்துக்கடைக்குக் கூட்டிப் போனார்.

மருந்துக்கடை அம்மா முழுவதையும் கேட்டார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"கொஞ்சம்தானேம்மா. ஒரு டம்ளர். அளந்துதான்" என்றார் ரசமட்டம்.

"கொஞ்சம்னு நீங்க அளந்தது மாத்திரை சாப்பிடாத உடம்புக்கு. இப்போ இருக்கிறது வேற உடம்பு அண்ணே. நரம்போட துள்ளலை மெதுவாக்கித்தான் இந்த மாத்திரை வலியை அடக்குது. சாராயமும் ஆளை மெதுவாக்கும். ரெண்டும் சேர்ந்தா ரெண்டு மடங்கோட நிக்காது. தலை சுத்தும், கால் தடுமாறும், எதுவும் மூளைக்கு லேட்டாத்தான் எட்டும். தூக்கத்துல மூச்சே மெதுவாயிடும். சிலருக்கு நின்னுகூடப் போயிருக்கு."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். நாற்காலித் தூக்கம் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

"கரண்ட் போயிடுச்சான்னு கேட்டீங்களே" என்றார் மெதுவாக.

ரசமட்டம் கவுண்டர் கண்ணாடியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு, பேரம் பேசுகிறவர் போல, "அப்போ ஒரு டம்ளர் போடற அன்னிக்கு மாத்திரையை விட்டுடறேன்" என்றார்.

"அதுவும் கூடாது. நேத்துச் சாப்பிட்டது உடம்புல இருக்கும். இந்த மாத்திரையைச் சட்டுன்னு நிறுத்தினா தூக்கம் போகும், படபடப்பு வரும், வலி திரும்பி வரும். வலிப்பு வந்தவங்களும் உண்டு. குறைக்கறதோ நிறுத்தறதோ டாக்டர் சொல்லித்தான். நாளைக்கே போய் உள்ளதைச் சொல்லுங்க. குடிப்பீங்களான்னு அவர் கேட்டா, எவ்வளவுன்னு நீங்களே கணக்குப் போட்டு இல்லைன்னு சொல்லக் கூடாது. ஒரு டம்ளர்னா ஒரு டம்ளர்னு சொல்லணும்."

சொன்னார். டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனவருக்குத் திட்டு கிடைக்கவில்லை. மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுத்தார். சாராயம் அறவே கூடாது என்றார். மாத்திரை மட்டுமே சிலருக்கு மந்தம் தரும், உடம்பு பழகித் தெளிவாகிற வரை கனமான கண்ணாடி பக்கம் போக வேண்டாம், பிறகு வந்து காட்டுங்கள் என்றார்.

உள்பக்க அலமாரியில் பாதி பாட்டில் மிச்சம் இருந்தது. ஒருநாள் அதைக் காணவில்லை.

"எங்க போச்சு?" என்றார் மனைவி.

"சலூன்காரருக்குக் கொடுத்துட்டேன். பாவம், என்னால கடை முகப்புல பிளைவுட் அடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு."

"அவர் ஏதாவது மாத்திரை சாப்பிடறாரான்னு கேட்டீங்களா?"

"கேட்காம கொடுப்பேனா? ரெண்டு தடவை கேட்டேன். என்னடா இவர் கொடுக்கறாரா பிடுங்கறாரான்னு அவரே குழம்பிட்டாரு."

நாட்கள் போயின. வலி முழுக்கப் போகவில்லை, ஆனால் பொறுக்கும்படி இருந்தது. அவர் நாற்காலியில் தூங்குவதும் நின்றது. ஒரு காலையில் ரசமட்டம் ஆணியிலிருந்து துண்டை எடுத்து உள்ளங்கையில் நிறுத்தி மச்சினனிடம் காட்டினார். நுனி லேசாக நடுங்கினாலும் நின்றது.

"அதைக் கொண்டு போய் ஓரமா வைங்க மாமா. அது பொய் சொல்லல. நாமதான் அதுகிட்ட தப்பான கேள்வி கேட்டுக்கிட்டு இருந்தோம். கை ஆடுதான்னு கேட்டா அதுக்குத் தெரியும். ஆளு முழிச்சுக்கிட்டு இருக்கானான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"வேற எதுகிட்ட கேக்கறது?"

மச்சினன் என் பட்டறைக்கு வந்து, கண்ணாடி மாட்ட அல்ல, ஒற்றைக் கட்டையாக ஆளுயர மரச்சட்டம் ஒன்று கேட்டான். வளையாத, கணு இல்லாத, இரண்டு பக்கமும் ஒரே கனமுள்ள சட்டம். இழைத்துக் கொடுத்தேன். அதன் ஒரு முனையை அவனும் மறுமுனையை ரசமட்டமும் இடுப்பு உயரத்தில் படுக்கையாகப் பிடித்துக்கொண்டார்கள். எதிர்க்கடையிலிருந்து அக்காவைக் கூப்பிட்டான்.

"அக்கா, எங்களுக்கு முதுகைக் காட்டி நில்லு. எதையாவது பேசிக்கிட்டே இரு. எப்பத் தோணுதோ அப்ப 'விடு'ன்னு சொல்லு."

"அவரையும் சேர்த்தா? ஒருமையிலயா?"

"ஒருமையிலதான்."

"இதுக்குத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றார். அன்று கடைக்கு வந்த ஒருவர் ஒரே பக்கத்தைப் பத்து நகல் எடுத்துக்கொண்டு, எழுத்து மங்கல் என்று சண்டை போட்டதைச் சொல்ல ஆரம்பித்தார். "நான் சொன்னேன், ஐயா, உங்க கையெழுத்தே மங்கல்தான், மெஷின் என்ன பண்ணும்னு, அதுக்கு அந்த ஆளு… விடு!"

'ட-டப்' என்று இரண்டு சத்தம் கேட்டது. மச்சினன் முனை முதலில், ரசமட்டத்தின் முனை பிறகு. கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. காதுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ரசமட்டத்தின் முகம் வாடிவிட்டது. குனிந்து தன் முனையை அவரே எடுத்தார். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார்.

மறுநாளும் இரண்டு சத்தம். அதற்கு அடுத்த நாளும். தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள் உளியை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்போம். ஒரு வாரத்தில் இடைவெளி குறைந்தது. ரசமட்டம் திரும்பப் போனபோது, பரவாயில்லை, இனிக் கண்ணாடி தூக்கலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஒருநாள் அந்த அம்மா பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதை ருசியான இடத்துக்கு வந்தது. நானே தொட்டியில் மூழ்கிப் போயிருந்தேன்.

"விடு!"

'டப்.'

ஒரே சத்தம். சட்டம் பாய் விரித்தது போலத் தரையில் படுத்துக் கிடந்தது.

மச்சினன் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டான். பிறகு கண்ணாடி சாய்ந்திருக்கும் பலகைக்குப் போய், முன்முனையைப் பிடித்துக்கொண்டு, ரசமட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"வாங்க மாமா. சலூன்காரர் தாடி வளர்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு."

இந்த முறை பகலிலேயே போட்டார்கள். சலூன்காரர் நாற்காலியில் இருந்த ஆளைப் பாதி சவரத்தோடு எழுப்பி ஓரமாக நிறுத்தினார். "வெட்டற வேலை என்னோடது. போன தடவை நீங்க செஞ்சீங்க. இன்னிக்கு வேண்டாம்" என்றார். தெருவைக் கடந்தார்கள். படி. "நில்" என்ற குரல் முந்தின மாதிரி இழுபடவில்லை, ஆணி அடித்தது போல விழுந்தது. இரும்புத் தடத்துக்கு மேலே ஒரு விரல் இடைவெளி விட்டுக் கண்ணாடி தாண்டியது. "இடது… இறக்கு." என் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது. பாதி முகத்தில் நுரையோடு நின்ற ஆள் கைதட்டினார்.

மாலையில் உள்பக்கம் இரண்டு எவர்சில்வர் டம்ளர் வந்தன. அதில் தேநீர். ரசமட்டம்தான் ஊற்றினார். இரண்டிலும் மட்டம் ஒன்றுதான். "ருசி வேற. ஆனா கண்ணாடி அதேதான் நிக்குது" என்றார். மச்சினனும் அதன் பிறகு அந்த டம்ளரில் வேறு எதுவும் ஊற்றிக்கொள்ளவில்லை.

கண்ணாடித் துண்டு அந்த ஆணியிலேயே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இரண்டு ஆணிகளின் மேல் அந்த மரச்சட்டம் படுத்திருக்கிறது. பெரிய கண்ணாடி போடும் நாளில் காலையில் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாவின் ஊர்க்கதை கேட்கும். பிறகு 'டப்'. சில நாள் 'ட-டப்' என்றும் கேட்கும். உடனே ஒரு தகராறு.

"நீதான்டா லேட்டு, ராத்திரி எல்லாம் போனைப் பார்த்துக்கிட்டு!"

"நான் அப்பவே விட்டுட்டேன் மாமா, நீங்கதான்!"

"ரெண்டு பேரும் வெட்டுமேசைக்குப் போங்க" என்று அந்த அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டு, ரோட்டைக் கடந்து தன் கடைக்குப் போவார். தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அன்றைக்கு யாரும் கண்ணாடி தூக்க மாட்டார்கள்.

ஒரே சத்தம் கேட்கும் நாளில் நான் கண்ணாடி மாட்டும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் கிளம்பிவிடுவேன்.